அடுத்த ஆளுக்கு அடிக்காத மணி

அத்தியாயம் 3

எங்களிடம் வருகிறவர்கள் காணாமல் போன கணவனைத் தேடச் சொல்வார்கள். இல்லையென்றால், காணாமல் போகாத கணவன் சாயங்காலங்களில் எங்கே போய் வருகிறான் என்று கேட்பார்கள். காணாமல் போன ஒரு அட்டையைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. வந்தவர் பல் டாக்டர். நான் பழக்க தோஷத்தில் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

துப்பறிகிறவர் என் அக்கா புருஷன். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் தெரிந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் துருவி. நான் அவருடைய உதவியாளன். செருப்புக் கடையில் வருகிறவர்களின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவனை அக்காவின் தொந்தரவு தாங்காமல் சேர்த்துக்கொண்டார். அதற்காக இன்றுவரை அவர் அக்காவோடு சண்டை போடுகிறார், அக்கா என்னோடு சண்டை போடுகிறாள். நான் யாரோடு போடுவது?

டாக்டர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பா தனியாக இருப்பவர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பொத்தான், கூடத்துச் சுவரில் ஒரு பெட்டி. ஆபத்து என்றால் பொத்தானை அமுக்க வேண்டும், பெட்டி போன் போடும். அந்தப் பெட்டிக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனியில்தான் டாக்டரின் மனைவியும் வேலை பார்க்கிறார், தங்கையும் வேலை பார்க்கிறார். அண்ணியும் நாத்தனாரும் ஒரே டீம். ஒரே டப்பாவில் சாப்பிட்டு, ஒரே குடையில் பஸ்ஸுக்கு ஓடியவர்கள்.

போன வாரம் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பொத்தானை அமுக்கினார். பெட்டி டாக்டருக்கு போன் போட்டது. டாக்டர் அப்போது யாருடைய கடைவாய்ப் பல்லையோ பிடுங்கிக்கொண்டிருந்தார், போன் டிராயருக்குள் சத்தமில்லாமல் அதிர்ந்தது. பெட்டி மறுபடி அவருக்கே போட்டது. மறுபடியும் அவருக்கே. இரண்டே தெரு தள்ளி, தங்கை லீவு போட்டு வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பட்டியலில் அடுத்த பெயர் அவளுடையது. அவளுக்கு ஒரு தடவைகூட அடிக்கவில்லை. பெரியவர் அந்த ஈரத் தரையில் பகல் பூரா கிடந்தார். இப்போது ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியவில்லை.

"முதல் ஆள் எடுக்கலைன்னா அடுத்த ஆளுக்கு அடிக்கணும். இந்த வேலையை அட்டையில எழுதி அவங்க ஆபீஸ் சுவத்துல குத்தி வச்சிருந்ததாம். நடுவுல காணோம். தங்கச்சிதான் எடுத்துட்டான்னு என் மனைவி சொல்றா. அண்ணிதான் எடுத்துட்டாங்கன்னு தங்கச்சி சொல்றா. ஆஸ்பத்திரியில ஒருத்தி உள்ள வந்தா இன்னொருத்தி எழுந்து வெளிய போயிடறா" என்றார் டாக்டர்.

அத்தான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"யாருன்னு தெரிஞ்சா மன்னிக்கவாவது முடியும். இப்ப ரெண்டு பேர் முகத்தையும் பாக்க முடியல. கண்ணாடியில என் முகத்தையும்தான்."

எனக்கு நாக்கு நுனியில் ஒரு ஜோக் இருந்தது. அதை விழுங்கிவிட்டேன்.

அன்று காலையே மூன்று பேரும் அந்தக் கம்பெனிக்குப் போனோம். டாக்டர் வரவேற்பறை நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார், உள்ளே வரக் கால் வரவில்லை. எங்களை அழைத்துப் போனவர் டீம் லீட். வழுக்கைத் தலை, சட்டைப் பையில் ஒரு சின்ன கைமணி. கூட்டம் இழுத்துக்கொண்டே போனால் அதை எடுத்து ஆட்டுவாராம். அப்படி ஒரு மணி எங்கள் வீட்டிலும் இருந்தால் நல்லது என்று அத்தானிடம் சொன்னேன். "அக்காகிட்ட நீயே சொல்லு" என்றார்.

கம்பெனி முழுக்கக் கம்ப்யூட்டர், ஆனால் செய்ய வேண்டிய வேலைகள் மட்டும் சுவரில். நீளமான நடைவழி, ஒரு கோடியில் ஜன்னல், மறு கோடியில் கதவு, நடுவில் தூண். அந்தச் சுவர் முழுக்க உள்ளங்கை அகலத்தில் அட்டை அட்டையாய்க் குண்டூசியில் தொங்கியது. கம்ப்யூட்டரில் எழுதி வைத்தால் எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை, சுவரில் இருந்தால் டீ குடிக்கப் போகும்போதாவது கண்ணில் படும் என்பது டீம் லீடின் கொள்கை. ஒவ்வொரு அட்டைக்கும் பெயர் யூசர் ஸ்டோரி. கதை என்றதும் நான் ஆவலாகப் போய்ப் படித்தேன். யாருக்கு, என்ன வேண்டும், எதற்காக என்று மூன்றே வரி. இதைக் கதை என்று சொல்கிறவர்கள் என் அக்கா பேசிக் கேட்டதில்லை.

இன்னும் தொடாத வேலைகளின் வரிசைக்குப் பேக்லாக் என்று பெயராம். ஜன்னல் பக்கம் இருப்பது சீக்கிரம் செய்ய வேண்டியது, கதவுப் பக்கம் போகப் போகப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மஞ்சள் அட்டை எழுதுவது டாக்டரின் மனைவி. வாடிக்கையாளர்களோடு பேசி, என்ன தேவை என்று எழுதுவது அவர் வேலை, அதனால் ஆபீஸில் அவரைக் கதைக்காரி என்பார்கள். நீல அட்டை எழுதுவது டெஸ்டர், அதாவது தங்கை. செய்து முடித்ததைச் சோதித்துப் பார்த்து ஓட்டை கண்டுபிடிப்பது அவள் வேலை.

"அட்டையெல்லாம் எப்பவாவது கழிப்பீங்களா?" என்று அத்தான் கேட்டார்.

டீம் லீடுக்கு முகம் மலர்ந்தது. மாதம் ஒரு தரம் களையெடுப்பு உண்டு என்றார். முன்பெல்லாம் அன்றைக்கு இது வேண்டும், அது வேண்டாம் என்று பேசிப் பேசியே பொழுது போய்விடுமாம். அதனால் அவர் ஒரு முறை கொண்டுவந்தார். மௌனக் களையெடுப்பு. காலையில் இரண்டு பேர் சுவர் முழுவதையும் படிக்க வேண்டும். பிறகு ஒருவர் ஜன்னலிலிருந்தும் ஒருவர் கதவிலிருந்தும் தூண் வரை வர வேண்டும். தேவையில்லாததையும், சொன்னதையே திருப்பிச் சொல்லும் டூப்ளிகேட்டையும் கழற்றிவிட வேண்டும். அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. போன தடவை ஜன்னல் பக்கம் அண்ணி, கதவுப் பக்கம் நாத்தனார். சண்டையே வருவதில்லை என்று பெருமையாகச் சொன்னவர், சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

கழற்றிய அட்டைகளுக்காக நான் குப்பைக் கூடை ஒவ்வொன்றாகக் கிளறினேன். பேனா மூடியும் வாழ்க்கையில் விரக்தியும்தான் கிடைத்தன. எங்கள் ஆபீஸில் காகிதம் குப்பைக்குப் போகாது என்றார் டீம் லீட். அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

கதைக்காரி கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. எதிரே பேனா, வெற்று மஞ்சள் அட்டைக் கட்டு. ஆனால் அவர் எதுவும் எழுதி நாளாயிற்று என்று பார்த்தாலே தெரிந்தது. அந்த அட்டை எப்படி இருக்கும் என்று அத்தான் கேட்டார்.

"நீல அட்டை. தூணுக்கு அந்தப் பக்கம் இருந்தது. களையெடுப்பு அன்னைக்குக் காலையில என் கண்ணால படிச்சேன். சாயங்காலம் இல்ல. அது அவ எடுக்கிற பக்கம். நான் அங்க போகவே இல்ல" என்றார்.

மாமனாரைப் பற்றி நாங்கள் கேட்காமலேயே சொன்னார். கல்யாணமான புதிதில் இவருக்கு ஜுரம் வந்தபோது, மாமனார்தான் ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி மாற்றினாராம். அப்படிப்பட்டவர் ஈரத் தரையில் கிடந்தார் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டெஸ்டர் நடைவழியின் மறுகோடியில், ஒரு மேஜைக்குப் பின்னால் இருந்தாள். மேஜை மேல் அதே மாதிரிப் பெட்டி. பொத்தானை அமுக்குவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். வேலை மாதிரித் தெரியவில்லை. அவளிடமும் அதே கேள்வி.

"மஞ்சள் அட்டை. ஜன்னல் பக்கம். அண்ணி எழுதினா மூணு வரியில ஆளையே கண்ணு முன்னாடி கொண்டாந்து நிறுத்திடுவாங்க. படிச்சப்ப எனக்கு அப்பாவைப் பாத்த மாதிரி இருந்தது. மத்தியானம் அந்தப் பக்கம் போனேன், இல்ல. அண்ணி பக்கத்துல நான் கையே வைக்கல" என்றாள். பிறகு பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "நான் வீட்டுலதான் இருந்தேன். செருப்புகூடப் போடாம ஓடியிருப்பேன்" என்றாள்.

நடைவழிக்கு வந்ததும் நான் கையைத் தேய்த்துக்கொண்டேன். கேஸ் முடிந்த மாதிரிதான். ஒருத்தி நீலம் என்கிறாள், இன்னொருத்தி மஞ்சள் என்கிறாள். ஒரு அட்டை இரண்டு நிறத்தில் இருக்க முடியாது, ஆகவே யாரோ நமக்குக் காது குத்துகிறார்கள். அழுதவள் மேல் எனக்குச் சந்தேகம். அழாதவள் மேலும் எனக்குச் சந்தேகம்.

"டேய் மச்சான், நீ ஒருத்தர் மேல பழி போடணும்னா என்ன சொல்லுவே?" என்றார் அத்தான்.

"நான் நல்லவன், அவன் கெட்டவன்னு சொல்லுவேன்."

"அதாவது, நான்தான் யோசிச்சு எழுதினேன், அவ எடுத்துட்டான்னு சொல்லுவே. இவங்க அப்படிச் சொல்லலையே. அண்ணி நீலம்னு சொல்றாங்க. நீலம் யாரு எழுதறது? நாத்தனார். நாத்தனார் மஞ்சள்னு சொல்றா. அது அண்ணி எழுதறது. பெரியவரைப் பத்தி முன்னாடியே யோசிச்சது எதிராளிதான்னு ரெண்டு பேருமே ஒத்துக்கறாங்க. பழி போடறவ எவளாவது அந்த நல்ல பேரை எதிரிக்குக் கொடுப்பாளா?"

நான் வாயைப் பிளந்தேன். பல் டாக்டர் பக்கத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

"ரெண்டு பேரும் பொய் சொல்லல" என்றார் அத்தான். அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. வெற்றி பெறப் போகிற முகமே இல்லை அவருக்கு. "ரெண்டு பேரும் பொய் சொல்லலைன்னா, நான் நினைக்கிறது சரியா இருக்கக் கூடாதுடா."

அதற்குள் மணி ஆடியது. அடுத்து எந்த வேலை எவ்வளவு பெரியது என்று டீம் கூடி மதிப்புப் போடும் நேரம். அத்தான் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார், போகிற வழியில் டாக்டரையும் கையைப் பிடித்து எழுப்பி அழைத்து வந்தார். நீள மேஜை. ஒரு முனையில் அண்ணி, மறு முனையில் நாத்தனார், நடுவில் புரோகிராம் எழுதுகிறவர்கள். எல்லோர் கையிலும் சீட்டுக்கட்டு மாதிரி ஒரு கட்டு. டீம் லீட் ஒரு வேலையைப் படிப்பார். எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரு எண்ணைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒன்று என்றால் தூசு, பதின்மூன்று என்றால் மலை. சூதாட்டத்துக்குச் சம்பளமா என்று நான் முணுமுணுத்தேன். யாரும் சிரிக்கவில்லை.

முதல் வேலைக்கு எல்லோரும் சீட்டைத் தூக்கினார்கள். டீம் லீட் முன்பக்கத்து எண்ணைப் பார்த்தார். அத்தான் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்து, சீட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனார். நானும் எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. பின்பக்கமெல்லாம் மஞ்சளும் நீலமும். கழற்றிய அட்டைகளைப் பாதியாக வெட்டி, வெற்றுப் பக்கத்தில் எண் எழுதி, சீட்டாக்கியிருந்தார் டீம் லீட். காகிதம் குப்பைக்குப் போவதில்லை என்று அந்த மனுஷன் சொன்னது இதைத்தான்.

அத்தான் எல்லாச் சீட்டையும் வாங்கி மேஜையில் கவிழ்த்தார். பொறுமையாக நகர்த்தி நகர்த்தி, பாதிக்குப் பாதி சேர்த்தார். முதலில் ஒரு மஞ்சள் அட்டை முழுசானது. 'தனியாக இருக்கும் பெரியவராக, என் பிள்ளை போனை எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்கு மணி அடிக்க வேண்டும், ஏனென்றால் விழுந்த பிறகு என்னால் காத்திருக்க மட்டும்தான் முடியும்' என்று அதில் எழுதியிருந்தது. பிறகு ஒரு நீல அட்டை. 'முதல் நம்பர் எடுக்கவில்லை என்றால் பெட்டி அதையே சுற்றிச் சுற்றி அடிக்கிறது. அடுத்த நம்பருக்குப் போக வேண்டும். அவசரம்.'

அத்தான் இரண்டு அட்டையையும் மேஜையின் நடுவுக்குத் தள்ளினார்.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் அத்தான். "அடுத்தவங்க அட்டையைப் பத்தி இல்ல. அன்னைக்கு உங்க கையால எடுத்தது எதை?"

கதைக்காரிதான் முதலில் பேசினார். "இதைத்தான். என் மஞ்சளைத்தான். அவ எழுதினது அந்தப் பக்கம் இருந்துச்சே. அவசரம்னு வேற போட்டிருந்தா. சொந்தமாச் சோதிச்சுப் பாத்து எழுதினவ அவ. ஒண்ணு போதுமே, அவளோடதே இருக்கட்டும்னு..."

மேஜையின் மறுமுனையில் டெஸ்டர் எழுந்து நின்றுவிட்டாள்.

"நான் என்னோடதை எடுத்துட்டேன் அண்ணி. உங்களோடது இருக்கேன்னு."

அவ்வளவுதான் விஷயம். சுவரின் இரண்டு கோடியில் இரண்டு பேர். இருவருக்கும் அந்தப் பெரியவர் மேல் உயிர். இருவருக்கும் அடுத்தவள் மேல் மரியாதை. தன்னுடையது டூப்ளிகேட், அவளுடையதுதான் அசல் என்று ஆளுக்கொரு குண்டூசியைப் பிடுங்கியிருக்கிறார்கள். நான் எடுத்துட்டேன், நீ எடுத்துடாதே என்று ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். அன்றைக்குப் பேசக் கூடாது. அன்றைக்கே அட்டை இல்லையே என்று பார்த்தபோதும், மற்றவள் ஏதோ காரணத்தோடு எடுத்திருப்பாள் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். பெரியவர் விழுந்த பிறகுதான் அந்தக் காரணம் கொலைக் குற்றம் மாதிரித் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். டீம் லீடைப் பார்த்தேன். மனுஷன் அந்தக் கைமணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் போய் என்ன சொல்லித் திட்டுவது?

டாக்டர் கதவோரம் நின்றவர் நின்றபடியே இருந்தார். "அப்ப யாரும் இல்லையா?" என்றார் அத்தானிடம். "யாரையாவது சொல்லுங்க சார். இவளா இருந்தாலும் பரவாயில்ல, அவளா இருந்தாலும் பரவாயில்ல. யாரும் இல்லைன்னா அப்புறம் நான்தானே?"

எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்த என் அத்தான், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். "நீங்க உங்க வேலையைப் பாத்துட்டு இருந்தீங்க" என்று மட்டும் சொன்னார். அது ஆறுதலாக இல்லை என்று சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும்.

கதைக்காரி ஒரு புது அட்டையை எடுத்து அதே மூன்று வரியை எழுதினார். இரண்டாவது வரியோடு பேனாவை நிறுத்திவிட்டார். நாத்தனார் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து பேனாவை வாங்கி மூன்றாவது வரியை எழுதி முடித்தாள். இதே மாதிரிப் பெட்டி இன்னும் எத்தனையோ வீட்டுச் சுவரில், எத்தனையோ பெரியவர்களுக்காக மாட்டியிருக்கிறது என்றாள்.

டீம் லீட் அட்டையைப் படித்தார். சீட்டுகள் கலைந்து கிடந்ததால் எல்லோரும் விரலைத் தூக்கினார்கள். எல்லோரும் ஒரு விரல்.

"ஒண்ணுன்னா எவ்வளவு?" என்று கேட்டார் டாக்டர். எல்லோரும் விரலை மடக்கிக்கொண்டார்கள். அவர் மறுபடியும் கேட்டார்.

புரோகிராம் எழுதுகிற பெண் ஒருத்தி, பார்வையை மேஜையிலிருந்து எடுக்காமல், "சாப்பாட்டுக்கு முன்னாடி முடிஞ்சிடும் சார்" என்றாள்.

முடிந்தும் விட்டது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, சோதனை மேஜைப் பெட்டியில் பெரியவர் வீட்டில் இருந்த அதே பட்டியலையே போட்டார்கள். முதலில் மகன், அடுத்து மகள், அப்புறம் மருமகள். வேறு பட்டியல் போடலாமே என்றார் டீம் லீட். வேண்டாம், இதேதான் என்றாள் டெஸ்டர்.

அவளே பொத்தானை அமுக்கினாள். டாக்டரின் கையில் போன் அடித்தது. எடுக்கக் கூடாது, எடுத்தால் சோதனை கெட்டுவிடும். அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கட்டை விரல் தானாக நகர்ந்தது. மனைவி அதைப் பிடித்துக்கொண்டார். அடித்து அடித்து ஓய்ந்தது.

ஓய்ந்ததும் தங்கையின் போன் அடித்தது.

அவள் அதைப் பார்த்தாள். இப்போது அவளும் எடுக்காமல் விட வேண்டும், அப்போதுதான் மூன்றாவது ஆளுக்குப் போகிறதா என்று தெரியும். சோதிப்பதே தொழிலாக இருக்கிறவளுக்கு அது தெரியாதா என்ன. ஆனால் எடுத்துவிட்டாள். எடுத்துக் காதில் வைத்து, "இதோ வந்துட்டேம்ப்பா" என்றாள்.

எதிர்ப்பக்கம் பெட்டிதான் இருந்தது.